செல்லக்கனி அள்ளிய பறவைகள்

1

இந்தக் கதை ஒரு கெட்ட ஆசையிலிருந்து தொடங்கியது. ஆசை என்னுடையது. ஏழாவது தடவை எழுதும்போதுதான் இதை முதல் வரியாக வைக்கத் துணிவு வந்தது. முந்தைய ஆறு தொடக்கங்களிலும் நான் நல்லவளாக இருந்தேன்.

அவற்றில் ஒன்று இப்படிப் போனது: "மாசி மாதத்துப் பனி விலகாத காலையில், ஏரிக்கரைக் கருவேல மரங்களுக்கு மேலே முதல் கூட்டம்..."

(நிறுத்திவிட்டேன். அன்றைக்குப் பனியே இல்லை. ஏழு மணிக்கே கழுத்து வியர்த்தது. அந்தப் பனி என்னுடைய பழைய கதை ஒன்றில் மிச்சமிருந்தது.)

இன்னொன்று: "பறவைகளை நேசித்த ஒருத்தி..."

(பொய். செல்லக்கனிக்குப் பறவைகளைப் பிடிக்காது. அவளே சொன்னாள்.)

என் பெயர் அமலா. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் பிளெக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள ஆலைகளுக்குத் தமிழில் எச்சரிக்கைப் பலகை எழுதித் தருவதுதான் முக்கிய வேலை. 'கையுறை இல்லாமல் இயந்திரத்தைத் தொடாதீர்', 'ஈரத்தரை, பார்த்து நடக்கவும்'. நீங்கள் இந்தப் பக்கம் வேலை பார்த்திருந்தால் என்னைப் படித்திருப்பீர்கள். கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில். நாலு வருடமாகப் பறவை பார்ப்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இரண்டில் ஒன்று எப்போதும் பாழாகும்.

2

மாசி மாதத்து இரண்டாவது ஞாயிறு. 'இளவேனில் வருது, பறவை பார்க்கலாம் வாங்க' என்று நானே அச்சடித்த நோட்டீசை டீக்கடைகளிலும், சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் தங்கும் மூன்று ஹாஸ்டல்களிலும் ஒட்டியிருந்தேன். ஒன்பது பேர் வந்தார்கள்.

காட்டுவதற்கு நிறைய இருந்தது. புங்கமரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டு எண்ணெய் பூசினதுபோலத் தளிர்விட்டிருந்தன. முள்முருங்கையில் இலையே இல்லை, சிவப்புப் பூ மட்டும். எங்கேயோ ஒரு குக்குறுவான் பறவை பாத்திரக் கடையில் தட்டுவதுபோல விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்கு அந்தப்பக்கம் ஆலைகளின் மதில். அதற்குள்ளே நாலு மாடிக்குக் கண்ணாடி போர்த்திய ஒரு புதுக் கட்டடம். ஏரி முழுவதும் அதில் இன்னொரு தடவை தெரிந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நான் சொன்னேன். (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்திருக்கிறேன். சொன்னேன் என்பதால் இருக்கட்டும்.)

பறவைப் படப் புத்தகத்தைக் கைமாற்றி விட்டேன். கடைசியாக அது ஒரு பெண்ணிடம் போனது. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து, குளித்து, தலை காயாமல் நேராக வந்திருந்தாள். புத்தகத்தை வேகமாகப் புரட்டி, விரலை வைத்து வைத்துச் சொன்னாள்.

"இது நெறைய வரும். இது எப்பவாச்சும். இது வந்ததே இல்ல. இது ஒரே ஒரு தடவ."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவள் 'எப்பவாச்சும்' என்று சொன்ன மாங்குயிலை நான் பார்த்ததே இரண்டு முறைதான்.

ஆறுமணிக்குருவியின் பக்கம் வந்தது. முதுகு பச்சை, இறக்கையில் பளீரென்று நீலம், வயிற்றின் அடியில் குங்குமம் கொட்டினமாதிரி சிவப்பு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து இங்கே வரும். புதருக்குள்ளேயே இருக்கும். அதைப் பார்க்க நான் நாலு வருடம் நாயாக அலைந்திருக்கிறேன். சத்தம் கேட்டிருக்கிறேனே தவிர ஒரு தடவைகூடக் கண்ணில் பட்டதில்லை.

"இதுவா? இது பதினாலு," என்றாள்.

"பதினாலா! எங்கம்மா பார்த்தே?"

"வேல பாக்குற எடத்துலதான்."

"எப்போ? எத்தனை மணிக்கு?"

"காலைல அஞ்சு, அஞ்சரை."

"என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?" என் குரலில் இருந்த பொறாமை எனக்கே கேட்டது.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"செத்துக் கெடந்துச்சுக்கா."

அவள் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினாள்.

"எல்லாமேதான். நான் வெரல் வச்சது அத்தனையும். நான்தான் கூட்டி அள்ளுதேன்."

3

அவள் பெயர் செல்லக்கனி. விளாத்திகுளம் பக்கத்து ஊர். எட்டு வருடம் முன்னால் இந்தப் பக்கம் வந்தவள். நாலு வருடம் லைனில் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்திக் கண் கெட்டு, கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங்குக்கு மாறியவள். எந்த ஆலை, அங்கே என்ன செய்கிறார்கள் என்று எழுதமாட்டேன். அவளுடைய பெயரும் செல்லக்கனி இல்லை.

ஏரிக்கு அந்தப்பக்கம் மின்னிய அதே கட்டடம்தான். போன ஐப்பசியில் திறந்தார்களாம். இரவெல்லாம் எல்லா மாடியிலும் விளக்கு எரியும். விடியும்போது கண்ணாடியில் வானமும் மரமும் தெரியும். பறவைகள் அதை வானம் என்றே நம்பி வந்து மோதும். ஆறு மணிக்கு முதல் ஷிப்ட் ஆட்கள் உள்ளே வருவதற்குள் சுவரடி சுத்தமாக இருக்கவேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவது செல்லக்கனியின் வேலை.

"டப்புனு சத்தம் கேக்கும்க்கா. மொதல்ல யாரோ கல்லெறியுதாங்கன்னு நெனச்சேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். நோட்டீசுல ஒங்க பேரு இருந்துச்சு. இதுங்க எப்பம் திரும்பிப் போவும்?"

நான் படித்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். எனக்கு அது பிடித்த பாடம். பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்பும், இமயமலை அடிவாரம் வரைக்கும்கூடப் போகும், கிளம்புகிற காலத்தில் இராத்திரியில்தான் பறக்கும், ஒன்றன்பின் ஒன்றாக நிறைய...

பாதியில், நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே காதில் விழுந்தது.

"அப்பம் இன்னும் கூடும்," என்றாள் செல்லக்கனி. டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

4

(இந்த இடத்தில் என் தோழி ஒருத்தி, கதை வாசித்துத் திருத்துகிறவள், பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "நம்பமுடியவில்லை. குப்பை அள்ளுகிற பெண் எதற்கு இத்தனை பறவையை நினைவில் வைத்திருக்கவேண்டும்? நீ அவளை உயர்த்துகிறாய்."

எனக்கும் சந்தேகம் வந்தது. செல்லக்கனியிடமே போனில் கேட்டேன். சொன்னாள்: "நெனவுல வைக்கலக்கா. போவமாட்டேங்குது. கையால அள்ளுதேம்லா, எது கனம், எது லேசு, எது இன்னும் சூடா இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சுருது. சாப்புட ஒக்காந்தா அதே கைதான்."

தோழியின் குறிப்பை அழித்துவிட்டேன்.)

5

இப்போது என் ஆசை.

மறு ஞாயிறு அவளைப் பார்க்க சுங்குவார்சத்திரம் போனேன். இதை வெளியே கொண்டுவரவேண்டும், அதிகாரிகளுக்கு எழுதலாம், கண்ணாடியில் திரை போடச் சொல்லலாம், ஆனால் ஆதாரம் வேண்டும் என்றேன். போன் உள்ளே எடுத்துப்போக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்றாள்.

"அப்ப ஒரு பறவையை எடுத்துட்டு வர முடியுமா? ஒண்ணே ஒண்ணு?"

"செக்கிங் இருக்குக்கா. ஒரு ஸ்க்ரூ வெளிய போனாக்கூட வேல போயிரும்."

"டிபன் பாக்ஸ்ல?"

அவள் யோசித்தாள். எந்தப் பறவை வேண்டும் என்று கேட்டாள்.

ஆதாரத்துக்கு எந்தப் பறவையும் போதும்.* புறா போதும், மைனா போதும்.

"ஆறுமணிக்குருவி," என்றேன்.

*இந்த உடுக்குறிக்கு அடிக்குறிப்பு எதுவும் கிடையாது. நின்று பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதற்காக வைத்தேன். செத்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு இருந்தது. அவ்வளவுதான்.

6

பங்குனி பிறந்து நாலாம் நாள். இதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். இடையில் புகமாட்டேன்.

அன்றைக்கு விடிவதற்குள் பதினேழு. ஐந்தரை மணிக்கு வடக்கு மூலையில் ஓர் ஆறுமணிக்குருவி கிடந்தது. கண் மூடியிருந்தது. சூடு இருந்தது, அசைவு இல்லை. செல்லக்கனி அதைத் தன் கைத்துண்டில் சுற்றி, காலி டிபன் பாக்ஸில் வைத்து, மூடியை லேசாக அழுத்தினாள். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையில் நின்றாள்.

பெண்களைச் சோதிக்கிற அறையில் அன்று இருந்தவள் மீனம்மாள். மணிமங்கலம் பக்கத்தவள். ஆலைக்குச் சொந்த நிலம் போன இடத்திலேயே செக்யூரிட்டியாக நிற்கிறவள். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி. முன்னால் இருபது பேர், பின்னால் இருநூறு பேர். வெளியே கம்பெனி பஸ்கள் இன்ஜினை அணைக்காமல் நின்றன.

செல்லக்கனியின் முறை வந்தது. பையை மேசைமேல் வைத்தாள். பைக்குள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது.

மீனம்மாள் கையை எடுத்தாள். "இன்னாடி உள்ள சத்தம்?"

செத்தது எப்படித் தட்டும் என்றுதான் செல்லக்கனிக்கு ஓடியதாம்.

மறுபடியும் தட்டியது. மீனம்மாள் டிபன் பாக்ஸை வெளியே எடுத்து மூடியைத் திறந்தாள்.

துண்டு எழுந்தது. பச்சையும் நீலமுமாக ஏதோ ஒன்று மீனம்மாளின் முகத்தை உரசிக்கொண்டு மேலே போய், தகரக் கூரையில் இடித்து, டியூப்லைட்டில் இடித்து, மெட்டல் டிடெக்டர் சட்டத்தின் மேல் உட்கார்ந்தது. பெண்கள் கத்தினார்கள். ஒருத்தி பாம்பு என்றாள். ஒருத்தி யார் வளர்க்கிற கிளி என்றாள். பின்னாலிருந்தவர்கள் என்னவென்று தெரியாமலே முன்னால் தள்ளினார்கள்.

"கத்தாதீங்கடி! அது பயந்துகினு கீது!" மீனம்மாள் போட்ட சத்தத்தில் அறை அடங்கியது. அவள் செல்லக்கனியைப் பார்த்தாள். "எங்கேர்ந்து புட்ச்ச?"

"கண்ணாடி பில்டிங் அடியில."

"அங்க எதுக்கு வருது இது?"

அப்போதுதான் சொன்னாள். வரிசை முழுக்கக் கேட்டது.

"தெனமும் சாவுது. இன்னைக்குப் பதினாறு. நான்தான் அள்ளுதேன்."

"எங்க? நாங்க பாத்ததே இல்லியே," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"நீங்க நடந்து வார பாதையிலதான். நீங்க வாரதுக்கு முன்ன அள்ளிருவேன்."

கேட்டவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாளாம்.

மீனம்மாள் தொப்பியைக் கழற்றி, மெதுவாகப் போய், குருவியை அப்படியே மூடினாள். "இத்த எப்டி ரெஜிஸ்டர்ல எழுதுறது?" என்று யாரையோ கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் பகலவனின் குரல் கேட்டது: செக்கிங்கில் என்ன லேட், வண்டியெல்லாம் நிற்கிறது.

"நீ கொணாந்தது. நீயே வுடு. சீக்கிரம் போ," என்று தொப்பியோடு செல்லக்கனியின் கையில் கொடுத்துவிட்டு, மீனம்மாள் வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செல்லக்கனி கேட்டுக்கு வெளியே பத்தடி நடந்தாள். தொப்பியை எடுத்தாள். குருவி அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. அதன் நெஞ்சு அடிப்பது மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. ஐந்து மாதத்தில் அவள் கையில் ஒரு பறவை கண்ணைத் திறந்து வைத்திருந்தது அன்றுதான்.

இடப்பக்கம் ஏரி. வலப்பக்கம், மதிலுக்கு மேலே, கண்ணாடிக்குள்ளே இன்னொரு ஏரி.

குருவி எழும்பியது. வலப்பக்கம் பறந்தது.

7

காலை ஏழே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. ஹலோ என்பதற்கு முன்னால், "வேல போயிட்டுக்கா," என்றாள். பகலவன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாராம். மீனம்மாளை லாரிகள் வருகிற கேட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்த பிறகு என்ன செய்தேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு முடித்துத் தரவேண்டிய நாற்பது பலகைகள் இருந்தன. 'அவசர வழி' என்று நாற்பது முறை. எல்லாவற்றையும் லேமினேட் செய்து முடித்தேன். ஒன்றில்கூடச் சுருக்கம் விழவில்லை.

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: இருநூறு பெண்களும் பஸ் ஏறாமல் கேட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். செல்லக்கனியைத் திரும்ப எடுக்கிறவரைக்கும் நகரமாட்டோம் என்கிறார்கள். மீனம்மாள் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு அவர்களோடு வந்து...

(நடக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது, ஏறிப் போனார்கள். எட்டு மணிநேரம் நின்றே வேலை பார்த்தவர்கள். அவர்களை வீராங்கனைகளாக்கி எனக்கு நானே ஆறுதல் தேடிக்கொள்ளப் பார்த்தேன்.)

இரண்டாவது முடிவு: நான் கேட்டுக்குப் போய், எடுத்துவரச் சொன்னது நான்தான் என்று...

(போனேன். எட்டு நாள் கழித்து. ஆகவே இது முடிவும் இல்லை, வீரமும் இல்லை.)

9

பகலவனைக் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பிடித்தேன். கொடூரமான ஆளாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். கதைக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். முப்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். வெளியே விட்டிருந்த சட்டையில் பேட்ஜ் கோணலாகத் தொங்கியது.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் கேட்டேன். வேணும்னா எழுதித் தரேன்," என்றேன்.

"எழுதிக் குடுத்து இன்னா மேடம் ஆவும்? டிபன் பாக்ஸ்ல வெளிய எடுத்துனு போனா ரூல் அதுதான். எது எடுத்தாங்கன்னு ரூல் கேக்காது."

"அங்க செத்து விழுறது உங்களுக்குத் தெரியாதா?"

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தொறந்த மொத வாரம் நான்தான் அள்ளினேன். பதினொண்ணு. அதுல ஒண்ணு கையிலயே துடிச்சுப் போச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல. அதுக்கப்புறம்தான் ஆள் போட்டேன்."

"அந்த ஆள்தான் செல்லக்கனி."

"ஆமா."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தன்னால் தாங்க முடியாததை இன்னொருத்தி கையில் கொடுத்த ஆளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் அப்படி ஒருத்தியைத்தான். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம், ஏரியைப் பார்த்த பக்கம் நாலு மாடிக்கும் பச்சை வலை தொங்கியது. பெயின்ட் வேலை என்று சொல்லப்பட்டது. கண்ணாடிக்கு என்ன பெயின்ட் என்று பஸ்ஸில் பெண்கள் பேசிக்கொண்டார்களாம். நைட் ஷிப்டில் வேறொரு பெண் கட்டடத்தைச் சுற்றுகிறாள். இப்போது ஒன்று, இரண்டுதான் கிடக்கிறதாம். வலை எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. யார் கேட்டு மாட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செல்லக்கனியைத் திரும்ப எடுக்கவில்லை.

10

குருவி என்ன ஆயிற்று என்று நீங்கள் ஆறாம் பகுதியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மீனம்மாளிடம் கேட்டேன். லாரி கேட்டில் வெயிலில் நின்றிருந்தாள். "நான் அப்பால திரும்பிகினேன்மா. ஜனம் தள்ளிச்சு. அந்தப் பொண்ணு மட்டுந்தான் பாத்துச்சு." செல்லக்கனி திருப்பிக் கொடுத்த தொப்பியை அவள் துவைக்கவில்லை என்பதையும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனி ஏரிக்கரைக்கு வந்தாள். வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை, பகல் ஷிப்ட் என்றாள். வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. அதன்மேலேயே உட்கார்ந்தோம்.

"எம்மேல கோவமா?" என்றேன்.

"இருக்குக்கா. ஆனா ஞாயித்துக்கெழம வேற எங்கன போவ?"

ஒரு தகைவிலான் குருவி தண்ணீரை உரசிக்கொண்டு போனது. அவள் தலை அதன் பின்னாலேயே திரும்பியது, கரை வரைக்கும், மறுபடி திரும்பி, மறுபடி கரை வரைக்கும்.

எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். பேரை மாற்றிவிட்டேன், ஊரை மாற்றிவிட்டேன், கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி என்றேன். அவள் சொல்வது எதுவாக இருந்தாலும், செத்திருந்தால் செத்ததாக, தப்பியிருந்தால் தப்பியதாக, மாற்றாமல் எழுதுவேன் என்றும் சொன்னேன். நோட்டைத் திறந்து மடியில் வைத்தேன்.

"சொல்லுதேன்," என்றாள். "ஆனா அத எழுதப்பிடாது. அள்ளுனது எல்லாத்தையும் ஒங்களுக்குக் குடுத்துட்டேன். இது ஒண்ணு எனக்கு இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன்.

"பேனாவ மூடுங்க."

மூடினேன்.

சொன்னாள்.